கல்லூரி நூலகத்தில் ஆய்வுத்திறன் பயிலரங்கு: 2 மணி நேரத்தில் எதைக் கற்பிப்பது?

தென்மாவட்ட நூலகர்

வணக்கம். அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் நூலகராகப் பணியாற்றுகிறேன். புதிதாகச் சேரும் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கும் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கும் ஆண்டுதோறும் நூலகத்தின் சார்பில் ஒரு பயிலரங்கு நடத்துகிறோம். அது நடக்கும் விதம் உங்களில் பலருக்குப் பழகிய காட்சியாகவே இருக்கும். குத்துவிளக்கு ஏற்றப்படும், முதல்வர் வாழ்த்துரை வழங்குவார், தரவுத்தள நிறுவனம் ஒன்றிலிருந்து வந்தவர் தம் நிறுவனத்தின் தேடுபக்கத்தைத் திரையில் காட்டி, எங்கே சொடுக்கினால் எது திறக்கும் என்று ஒன்றரை மணி நேரம் விளக்குவார், இடக்குறிப்புடன் கூடிய புகைப்படம் கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்பில் சேரும், சான்றிதழும் தேநீரும் வழங்கப்பட்டு நிகழ்ச்சி நிறைவுறும்.

சென்ற ஆண்டு பயிலரங்கு முடிந்த மூன்றாம் வாரத்தில், அதில் சான்றிதழ் பெற்ற தமிழ்த்துறை மாணவி ஒருவர் என் மேசைக்கு வந்து, சிலப்பதிகாரத்தைப் பற்றி அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களில் அதிகம் ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்றார். அவர் நூற்பெயரை ஆங்கில எழுத்தில் ‘எஸ்’ என்று தொடங்கி, ‘தி’ வரும் இடத்தில் ‘டி, ஹெச், ஐ’ என்று தட்டியிருந்தார். அந்த நூலகங்கள் தமிழ்ப் பெயர்களை எழுத்துப்பெயர்க்கும் முறையிலோ அது ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தான ‘சி’யில் தொடங்கும், ‘தி’க்கு ஹெச் கிடையாது. மாற்றித் தட்டியதும் திரை நிறைந்துவிட்டது. “இதை அன்றைக்கு யாருமே சொல்லவில்லையே, அம்மா” என்றார். சொல்லாதவர்களில் நானும் ஒருத்தி.

இவ்வாண்டு முதல்வரிடம் பேசி விழாப்பகுதியை நீக்கிவிட்டேன். கையில் இருப்பவை 2 மணி நேரம், 15 கணினிகள், ஏறத்தாழ 40 மாணவர்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

நொய்யல் ஆய்வாளர்

வணக்கம் அம்மா. நான் சுற்றுச்சூழல் அறிவியலில் நான்காம் ஆண்டு ஆய்வாளன். நீங்கள் சொல்லும் எழுத்துக்கூட்டுச் சிக்கல் தமிழ்த்துறைக்கு மட்டும் உரியதன்று. திருப்பூர்ச் சாயக்கழிவைப் பற்றித் தேடத் தொடங்கிய முதல் 6 மாதங்கள் நான் ஊரின் பெயரை ஆங்கிலத்தில் ஒற்றைப் ‘பி’ இட்டே தேடிக்கொண்டிருந்தேன். இரட்டைப் ‘பி’ இட்டு எழுதிய கட்டுரைகள் தனியே ஒரு குவியலாக இருந்ததை ஒரு கருத்தரங்கின் இடைவேளையில், அதுவும் தற்செயலாக, வேறோர் ஆய்வாளர் சொல்லித்தான் அறிந்தேன். கழிவுநீர் என்பதற்கும் ஒருவர் ‘எஃப்ளுவென்ட்’ என்பார், மற்றொருவர் ‘வேஸ்ட்வாட்டர்’ என்பார். இவற்றையெல்லாம் ‘ஆர்’ (அல்லது) என்னும் இணைப்புச்சொல்லால் ஓர் அடைப்புக்குறிக்குள் சேர்த்து, ஊர்ப்பெயர் அடங்கிய மற்றோர் அடைப்புக்குறியோடு ‘ஆண்ட்’ (மற்றும்) இட்டு இணைக்க வேண்டும் என்பது அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய செய்தி. அதற்கு எனக்கு அரை ஆண்டு ஆயிற்று.

ஆனால் இணைப்புச்சொற்களைப் பொதுவாக விளக்கினால் ஒட்டாது என்பதையும் சொல்ல வேண்டும். நான் கலந்துகொண்ட பயிலரங்கு ஒன்றில் ‘பூனை ஆண்ட் நாய்’ என்று வட்டம் வரைந்து விளக்கினார்கள். வட்டங்கள் நன்றாகப் புரிந்தன. என் ஆய்வில் பூனையும் இல்லை, நாயும் இல்லை என்பதால் அறைக்கு வெளியே வந்ததும் மறந்தும் போயின. மாணவர் தம் சொந்தத் தலைப்போடு வந்து உட்கார்ந்தால் மட்டுமே இது கையில் நிற்கும்.

அதற்கும் முன்னே ஒரு படி உண்டு. ‘நீர் மாசு’ என்ற தலைப்போடு ஒருவர் வந்தால் எந்தத் தரவுத்தளமும் அவருக்கு உதவாது, ஏனென்றால் அது இன்னும் கேள்வியாகவே ஆகவில்லை. என் நெறியாளர் என்னைக் கேட்டவை மூன்றே: எந்த நீர், எந்த இடத்தில், எப்போது? ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ள கிணறுகளில், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்கு முன்னும் பின்னும், உப்புத்தன்மை எவ்வாறு மாறியது என்று தலைப்பு சுருங்கிய பிறகுதான் தேடுவதற்கான சொற்கள் எனக்குக் கிடைத்தன. உங்கள் 2 மணி நேரத்தில் முதல் அரை மணியை இதற்கு ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.

துறைத்தலைவர், வணிகவியல்

இவையெல்லாம் நல்லவையே. ஆயினும் எங்கள் துறையில் ஆய்வேடுகள் திரும்பி வருவது தேடத் தெரியாததால் அன்று, கருத்துத்திருட்டுச் சோதனையில் விழுக்காடு கூடுவதால். அந்த 2 மணி நேரத்தையும் மென்பொருள் அறிக்கையை எவ்வாறு குறைப்பது என்பதற்கே செலவிடுவது மாணவர்களுக்குப் பயன் தரும்.

ஓய்வுபெற்ற நூலகர்

துறைத்தலைவர் ஐயா அவர்கள் ‘குறைப்பது’ என்ற சொல்லைப் பயன்படுத்தியதால் இதை எழுதுகிறேன். பல்கலைக்கழக நூலகத்தில் சோதனை அறிக்கைகளை வழங்கும் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தேன். குறைப்பதற்காக எங்கள் மாணவர்கள் செய்த வேலைகளைப் பார்த்தால் நிகண்டு எழுதியவர்கள்கூட வியந்திருப்பார்கள். ‘கூறுகிறார்’ என்றிருந்த இடத்தில் ‘மொழிகிறார்’ வரும். அதுவும் பிடிபட்டால் ‘இயம்புகிறார்’, பிறகு ‘பகர்கிறார்’, ‘நவில்கிறார்’. வாக்கியம் பிறருடையதாகவே இருக்க, வினைமுற்று மட்டும் சட்டை மாற்றிக்கொண்டே போகும். மென்பொருள் ஏமாறலாம், ஆனால் அது திருட்டு இல்லாமல் ஆகிவிடுவதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் வெளியிட்ட கருத்துத்திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறை என்ன சொல்கிறது என்பதை மாணவர்களுக்கு ஒரு முறை நேராகப் படித்துக் காட்டுவது நல்லது. 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமை சிறியது, அதற்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் குறிப்பிட்ட காலத்துக்குள், அதிகபட்சம் 6 மாதங்களுக்குள், திருத்திய ஆய்வேட்டை அளிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டை அளிக்கத் தடை. 60க்கு மேல் என்றால் பதிவே நீக்கப்படும். இதை மாணவர்கள் ‘10 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளலாம்’ என்று படித்துக்கொள்கிறார்கள். உரிய முறையில் சான்று காட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் கணக்கில் சேரா என்று அதே ஒழுங்குமுறை கூறுவதை யாரும் படிப்பதில்லை.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சங்க இலக்கிய ஆய்வேடு ஒன்றுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் அறிக்கை வந்தது. மாணவர் அழாத குறையாக நின்றார். இருவரும் அறிக்கையை வரிவரியாகப் பார்த்தோம். வண்ணமிட்ட பகுதிகளில் பெரும்பாலானவை குறுந்தொகைப் பாடல்கள். மேற்கோள் குறி இடாமல், பாடல் எண் மட்டும் அடுத்த வரியில் தந்து, பத்தியோடு பத்தியாகத் தட்டச்சு செய்திருந்தார். குறிகளை இட்டு, மேற்கோள்களை விலக்கும் தெரிவை இயக்கி மீண்டும் சோதித்தபோது எஞ்சியவை மூன்று பத்திகள். அந்த மூன்றும் உண்மையாகவே வேறோர் ஆய்வேட்டிலிருந்து எடுத்தவை. அவற்றைப் பற்றித்தான் அன்று மாலை முழுவதும் பேசினோம். அறிக்கையைப் படிப்பது ஒரு திறன், குறைப்பது திறனன்று.

தவிரவும், ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு நேர்மை குறித்த விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்பது அந்த ஒழுங்குமுறையிலேயே உள்ள கடமை. ஆகவே நூலகர் அம்மா அதைத் தனி நிகழ்ச்சியாகக் கேட்டுப் பெறலாம். இந்த 2 மணி நேரத்திலிருந்து கொடுக்க வேண்டியதில்லை.

நொய்யல் ஆய்வாளர் சொன்ன கேள்விக்கு ஒரு சிறு கருவி சொல்கிறேன். உங்கள் நூலகத்தில் எழுதாத அட்டவணை அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். கணினி வந்த பின் எங்கும் அவை தூங்குகின்றன. பயிலரங்குக்கு ஒரு வாரம் முன்பே ஆளுக்கு ஓர் அட்டையைக் கொடுத்து, தம் ஆய்வை ஒரே கேள்வியாக எழுதி வரச் சொல்லுங்கள். 12.5 சென்டிமீட்டர் அகலத்துக்குள் எழுத முடியாத கேள்வி இன்னும் கேள்வியாகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அட்டை கொண்டுவராதவருக்கு இடமில்லை என்றும் அறிவித்துவிடுங்கள். 40 பேர் 25 ஆகக் குறைந்தால் உங்கள் 15 கணினிகளுக்கு அது நல்லதே. வாசகரின் நேரத்தைச் சேமி என்று நூலக அறிவியல் அறிஞர் அரங்கநாதன் 1931இலேயே நான்காம் விதியாக எழுதிவைத்தார். நாம் சான்றிதழ் வழங்கும் விழாவில் அந்த நேரத்தைத்தான் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.

பகுதிநேர ஆய்வாளர், தமிழ்

பள்ளியில் தமிழாசிரியராக இருந்துகொண்டே ஆய்வு செய்பவள் நான். தமிழில் தேடுவதைப் பற்றிப் பயிலரங்குகளில் எவரும் பேசுவதே இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. ஆங்கிலத் தேடலுக்குச் சொன்னதையே தமிழுக்கும் பொருத்திக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறார்கள். அது பொருந்தாது.

நம் சொற்கள் வேற்றுமை ஏற்றால் உருமாறும். ‘சிலப்பதிகாரம்’ என்று தேடினால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடுபொறி ‘சிலப்பதிகாரத்தில்’ என்றுள்ள தலைப்பைத் தவறவிடும். ஈற்று மகரத்தை நீக்கி ‘சிலப்பதிகார’ என்று நிறுத்தி, உடுக்குறி (*) ஏற்கும் தளமானால் அதையும் இட்டுத் தேட வேண்டும். ‘பெண் கல்வி’ என்று பிரித்து எழுதியவரும் ‘பெண்கல்வி’ என்று சேர்த்து எழுதியவரும் தேடலில் ஒருவரை ஒருவர் சந்திக்கவே மாட்டார்கள். ‘மகளிர் கல்வி’ என்றவர் வேறு தெருவில் இருக்கிறார். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் தமிழ் ஆய்வேடுகளின் தலைப்பு சிலவற்றில் தமிழ் எழுத்திலும் சிலவற்றில் ஆங்கில எழுத்திலும் இருப்பதால், ஒரே தேடலை இரண்டு எழுத்திலும் செய்தாக வேண்டும்.

இன்னொன்று எழுத்துரு. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பிடிஎஃப் கோப்புகளைத் திறந்தால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். அவற்றின் உள்ளே தமிழ்ச் சொல்லை இட்டுத் தேட முடியாது. ‘தேடினேன், அந்தச் சொல் ஆய்வேட்டில் இல்லை’ என்று என் தோழி ஒரு முழு இயலையே தவறாக எழுதிவிட்டார். ஒரு வரியை ஒட்டிப் பார்க்கும் இந்தச் சோதனைக்கு 1 நிமிடம் போதும். அன்றைக்கே செய்து காட்டிவிடலாம்.

மேற்கோள்களைச் சேர்த்துவைத்துத் துணைநூற்பட்டியலை அமைத்துத் தரும் ஜோட்டெரோ மென்பொருளைக் கற்பிப்பீர்கள் என்று நினைக்கிறேன்; இலவசம் என்பதால் நம் மாணவர்களுக்கு ஏற்றது. ஆனால் அது பெயருக்கு இரண்டு பெட்டிகள் வைத்திருக்கிறது. தம் பெயரை முதலிலும் தந்தை பெயரைப் பின்னாலும் எழுதும் ஆசிரியரை அப்படியே உள்ளிட்டால், துணைநூற்பட்டியலில் தந்தையே நூலை எழுதியவராகிவிடுவார். எழுதியவர் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடுவார். பெட்டியின் ஓரத்தில் உள்ள குறியைச் சொடுக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். என் பட்டியலில் 11 தந்தையர் நூலாசிரியர்களாக இருந்ததை நெறியாளர்தான் கண்டுபிடித்தார்.

துறைத்தலைவர், வணிகவியல்

ஓய்வுபெற்ற நூலகர் அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன். ‘குறைப்பது’ என்று எழுதியது பழக்கம். இருந்தாலும் என் ஐயம் தீரவில்லை. 2 மணி நேரத்தில் ஒரு பயிலரங்கு நடத்தி ஆய்வுத்திறன் வளர்ந்துவிடும் என்று நம்புவது எப்படி? முனைவர் பட்டப் பாடத்திட்டத்திலேயே ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறை என்று 2 மதிப்பலகில் 30 மணி நேரப் பாடம் இருக்கிறது. அதற்கு மேல் இது எதற்கு?

தென்மாவட்ட நூலகர்

ஐயா, அந்த 30 மணி நேரத்தில் தரவுத்தளங்களுக்கும் ஆய்வு அளவீடுகளுக்கும் சேர்த்து ஒதுக்கியிருப்பது 7 மணி நேரம். எங்கள் கல்லூரியில் அதை வகுப்பறையில், கரும்பலகையில் நடத்துகிறார்கள். மேலும், முதுகலை மாணவர்களுக்கு அந்தப் பாடமே இல்லை. அவர்களும் திட்டக்கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது.

வேறொரு காரணமும் உண்டு. அரசு நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைப் பொதுச் சந்தாவில் திறந்துவிடும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள். நேற்று வரை நாலைந்து இதழ்களின் அச்சுப்படி மட்டுமே வந்த கல்லூரிகளுக்குத் திடீரென்று ஒரு கடல் திறந்துவிடப்பட்டிருக்கிறது. எங்கள் ஆய்வாளர்களில் பலர் இன்னும் கூகுளில் முதல் பக்கத்தில் வருவதைத்தான் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். வாசலைத் திறந்துவிட்டு நீந்தக் கற்றுத்தராமல் இருப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

நம்பத்தக்க இதழை அறிவது எப்படி என்பதையும் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன். ஏற்கத்தக்க இதழ்களைத் தொகுத்துத் தந்த யுஜிசி கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்ட பிறகு, பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் எளிய வழியும் எங்களுக்கு இல்லை.

ஓய்வுபெற்ற நூலகர்

சேர்க்கலாம், ஆனால் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் ஆய்வாளர்களுக்கு வரும் அழைப்பு மின்னஞ்சல் ஒன்றையே அச்சிட்டுக் கொடுங்கள். ஆய்வில் சேர்ந்து 4 மாதம் ஆனவரை ‘மாண்புமிகு பேராசிரியரே’ என்று அழைத்து, 3 நாளில் வெளியிடுவதாக உறுதி கூறி, கட்டணத்தை மட்டும் தெளிவாகவும் ஆசிரியர் குழுவைத் தெளிவில்லாமலும் சொல்லும் கடிதம் எல்லோருடைய பெட்டியிலும் ஒன்றாவது இருக்கும். எங்கே பிசகுகிறது என்று அவர்களே அடிக்கோடிடட்டும்.

அதைவிட அவசரமானது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் போலி மேற்கோள்கள். ஆசிரியர் உண்மையானவர், இதழும் உண்மையானது. கட்டுரை மட்டும் உலகில் இருக்காது. மாணவர் ஒவ்வொருவரும் தம் பட்டியலிலிருந்து 5 மேற்கோள்களை எடுத்து, டிஓஐ எண் (கட்டுரைக்கென்று இணையத்தில் தரப்படும் நிலையான அடையாள எண்) இருந்தால் அதைத் தட்டி, அது எந்தக் கட்டுரையில் கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்கட்டும். எண் இல்லாத தமிழ் நூல்களுக்கு ஏதேனும் ஒரு நூலக அட்டவணையில் அந்தப் பதிப்பு இருக்கிறதா என்று பார்க்கட்டும். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் செய்யும்படி அமைத்தால் சங்கடம் இராது.

யாழ் வாசகி

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தபோது எங்கள் நூலகத்தில் இத்தகைய பயிற்சிப் பட்டறைகளில் இருந்திருக்கிறேன். எழுத்துக்கூட்டைப் பற்றி நூலகர் அம்மா தொடங்கியதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையின் பெயரை ஈழத்தவர் ஆங்கிலத்தில் ‘டி, ஹெச்’ என்று தொடங்குவர். தமிழகத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தில் தொடங்குவர். அவரைப் பற்றி அங்கே எழுதப்பட்டதும் இங்கே எழுதப்பட்டதும் பல அட்டவணைகளில் இரண்டு வெவ்வேறு மனிதர்களைப் போல நிற்கின்றன.

வரலாற்று மாணவர்களுக்கு ஊர்ப்பெயரும் அப்படியே. குடியேற்றக் காலத்து ஆவணங்களில் திருநெல்வேலி ‘டின்னெவெல்லி’, திருச்சிராப்பள்ளி ‘டிரிச்சினாப்பொலி’, தூத்துக்குடி ‘டூட்டிகொரின்’. எழும்பூர் ஆவணக்காப்பகத்துக்குச் செல்லும் உங்கள் மாணவர் இன்றைய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சென்றால் வெறுங்கையோடுதான் திரும்புவார். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தையும் அவர்களுக்கு ஒருமுறை திறந்து காட்டுங்கள். ஈழத்துப் பதிப்புகளைத் தேடுவோர் பலர் அது இருப்பதையே அறியாமல், கிடைக்கவில்லை என்று அடிக்குறிப்பு எழுதிவிடுகிறார்கள்.

நொய்யல் ஆய்வாளர்

மாற்றுப் பெயர்களையெல்லாம் ஒரே தாளில் எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றுகிறது. நான் என் குறிப்பேட்டின் பின்னட்டையில் அப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். இப்போது 3 பக்கமாகிவிட்டது. எந்த நாளில், எந்தத் தளத்தில், எந்தச் சொல்லால் தேடினேன், எத்தனை வந்தன என்றும் அதிலேயே குறிக்கிறேன். இதை யாரேனும் முதல் நாளிலேயே சொல்லியிருந்தால் ஒரே தேடலை நான் நான்கு முறை செய்திருக்க மாட்டேன்.

தென்மாவட்ட நூலகர்

அனைவருக்கும் நன்றி. பயிலரங்கு சென்ற வியாழக்கிழமை நடந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அட்டையுடன் வந்தவர்கள் 28 பேர். அட்டை இல்லாமல் வந்த ஐவரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஓரத்து மேசையில் உட்காரவைத்து அட்டை எழுதச் சொன்னேன். இரண்டு பேருக்கு ஒரு கணினி என்று அமர்த்தியதால், ஒருவர் கேள்வியை மற்றவர் தேட வேண்டியிருந்தது. திட்டமிடாமல் நேர்ந்த இந்த ஏற்பாடுதான் அன்றைக்கு மிகவும் பலித்தது. பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கப் புகும்போதுதான் தம் கேள்வி தமக்கே தெளிவில்லை என்று பலருக்குத் தெரிந்தது. வணிகவியல் மாணவர் ஒருவரின் அட்டையில் ‘ஜிஎஸ்டி’ என்ற ஒரே சொல் இருந்தது. துறைத்தலைவர் ஐயா பொறுத்தருள வேண்டும். பக்கத்திலிருந்த விலங்கியல் மாணவி ‘யாருக்கு, எந்த ஊரில்’ என்று கேட்டுக் கேட்டு, ஒன்றே கால் மணி நேரத்தில் அது விருதுநகர் மாவட்டத்துச் சிறு அச்சகங்களின் நடைமுறை மூலதனத்தைப் பற்றிய கேள்வியாக மாறியிருந்தது.

கேள்விக்கே நேரம் போய்விட்டதால் ஜோட்டெரோவைத் தொடவே முடியவில்லை. அடுத்த மாதம் தனியாக ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறேன். மேற்கோள் சோதனையில் 4 பேருடைய பட்டியலில் இல்லாத கட்டுரைகள் இருந்தன. ஒருவர் தாமே எழுந்து சொன்னார், மற்ற மூவரும் நிகழ்ச்சி முடிந்த பிறகு தனியே வந்து சொன்னார்கள். மாற்றுப் பெயர்த் தாளை ஒரு பெரிய அட்டையில் எழுதி, ஆய்வாளர் பிரிவின் சுவரில் பேனாவோடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மூன்றே நாளில் பச்சை மையில் யாரோ ‘டாஞ்சூர்’ என்று சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கேள்வி அட்டைகளைப் பழைய அட்டவணைப் பேழையின் இழுப்பறை ஒன்றில் துறைவாரியாக அடுக்கி, துளையில் கம்பியும் கோத்துவைத்தேன். நேற்று மாலை, சிலப்பதிகாரத்துக்காக வந்த அதே மாணவி வந்து தம் அட்டையைத் திரும்பக் கேட்டார். கேள்வியை மாற்ற வேண்டுமாம். புதிய அட்டை ஒன்றைக் கொடுத்தேன். பழையதை எடுக்க விடவில்லை. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக அதே கம்பியில் இருக்கின்றன.